இனிப்புப் பானங்களுக்குக் கடிவாளம்: எந்தச் சட்டம் நிற்கும்?

கேள்வி: சர்க்கரைப் பானங்களை ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் என்ன ஐயா?

பதில்: எழுதுவது எளிது, வழக்கில் காப்பாற்றுவது கடினம். இதைவிட மென்மையான வழி இல்லையா என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார். தடை செய்யும் இடத்தைக் குறுக்கினால் சட்டம் பிழைக்கும். சிலி 2016-ல் சர்க்கரை மிகுந்த பானங்களைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது என்றது.

கேள்வி: வரி போட்டால் கடைசியில் எங்கள் தலையில்தானே விழும்?

பதில்: எதன்மேல் போடுகிறார்கள் என்று பாருங்கள். மெக்சிகோ 2014-ல் லிட்டருக்கு 1 பெசோ என்றது. பாட்டிலில் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அதே வரி. பிறகு எந்த நிறுவனம் சர்க்கரையைக் குறைக்கும்? பிரிட்டன் சர்க்கரையை அளந்தது. தொடக்கத்தில் 100 மி.லி.யில் 5 கிராம் இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ் என்று வைத்தது. 2016-ல் அறிவித்து, 2018-ல்தான் வசூலைத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் பல நிறுவனங்கள் செய்முறையை மாற்றி 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. அந்தப் பாட்டில்களுக்கு வரியே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். சர்க்கரை போன இடத்தில் செயற்கை இனிப்பூட்டி வந்து உட்காரும் என்பது தனிப் பிரச்சினை.

கேள்வி: பெரிய கோப்பையில் விற்பதைத் தடுக்க முடியாதா?

பதில்: நியூயார்க் முயன்றது. 16 அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 470 மி.லி.க்கு, மேல் ஊற்றக் கூடாது என்று 2012-ல் நகரச் சுகாதார வாரியம் விதி போட்டது. உணவகமும் திரையரங்கும் மாட்டிக்கொண்டன; பல்பொருள் அங்காடிகள் தப்பின. போதாக்குறைக்கு, ஒருவர் இரண்டு கோப்பை வாங்கினால் யாரும் கேட்க முடியாது! 2014-ல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் விதியைத் தள்ளிவிட்டது. சர்க்கரை கெடுதலா என்பதல்ல அங்கே பிரச்சினை. இப்படியொரு கொள்கை முடிவைச் சட்டமியற்றும் அவை எடுக்க வேண்டும், வாரியம் எடுக்க முடியாது என்பதே தீர்ப்பு. எனவே சட்ட வரைவைக் கையில் எடுத்தால் முதலில் தேடுங்கள்: இதைப் போட இவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எச்சரிக்கை வாசகம்?

பதில்: அளவில் கவனம் தேவை. சான்பிரான்சிஸ்கோ நகரம் விளம்பரப் பரப்பில் 20 சதவீதத்தை எச்சரிக்கைக்குக் கேட்டது. அவ்வளவு இடம் தேவை என்று நிரூபிக்கவில்லை எனக் கூறி, 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

கேள்வி: பழச்சாறும் இதில் அடங்குமா?

பதில்: வரையறைப் பிரிவைப் படியுங்கள். ‘சேர்த்த சர்க்கரை’ என்று எழுதியிருந்தால் கலப்பில்லாத சாறு வெளியே நிற்கும், பிரிட்டனில் போல. ஆரஞ்சுச் சாற்றிலும் 100 மி.லி.க்கு 8 கிராம் அளவில் சர்க்கரை உண்டு.