வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எத்தனை ஜிபி ராம் போதும்?

கேள்வி: 2017-ல் வாங்கிய டெஸ்க்டாப். 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. லுங்கி வியாபாரக் கணக்கை டேலியில் போடுகிறோம். அதை மூடாமல் மகள் குரோமைத் திறந்து காலேஜ் வேலை பார்த்தால் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது. 16 ஜிபி போட்டால்தான் சரிப்படும் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு வேண்டும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் வேலைக்கு 8 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங், பெரிய கேம் என்றால்தான் 16 பற்றி யோசிக்க வேண்டும்.

இப்போதுள்ள 4 ஜிபியில் விண்டோஸும் ஆன்டிவைரஸும் ஏறி உட்காரவே சுமார் 2 ஜிபி போய்விடும். குரோமில் ஒரு டேப் 100 முதல் 300 எம்பி வரை பிடிக்கும். பத்து டேப் திறந்தால் மிச்சமும் தீர்ந்தது. டேலி அவ்வளவு கேட்காது. ராம் நிரம்பியதும் விண்டோஸ் உடனே தேவைப்படாததை ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்து, கேட்கும்போது திரும்ப எடுக்கிறது. மெஷின் நிற்பது அப்போதுதான். கேபினெட் அருகே காது கொடுத்தால் கரகரவென்று டிஸ்க் ஓடுவது கேட்கும்; டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்.

காசு செலவழிக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கமான வேலை எல்லாம் திறந்திருக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். ‘இன் யூஸ்’ 3.5-ஐத் தொட்டால் ராம்தான் குறை. மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ராம் கூட்டிப் பயனில்லை, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட வேண்டும். அதே பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ 1 ஆஃப் 2 என்றிருந்தால் இன்னொரு 4 ஜிபி ராம் குச்சி போதும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அந்த வித்தியாசம் தெரியும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் விண்டோஸ் 64 பிட்டா என்றும் பாருங்கள். 32 பிட் என்றால் 8 போட்டாலும் 4-க்கு மேல் எடுக்காது. விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டும். அதற்கு முன் டேலி டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்து வைப்பது கட்டாயம்.

அந்தக் காலத்து மதர்போர்டுகளில் டிடிஆர்3 வகை ராம் போடுபவையும் உண்டு, டிடிஆர்4 வகை போடுபவையும் உண்டு. குச்சியின் லேபிளில் பிசி3 என்றிருந்தால் டிடிஆர்3, பிசி4 என்றால் டிடிஆர்4. குச்சியின் அடியில் வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. அழுத்தித் திணித்தால் போர்டே போய்விடும். வேகம் வேறாக இருந்தால் பரவாயில்லை, இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும்.

மாட்டும்போது யுபிஎஸ்ஸை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்துங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் குச்சியை எடுங்கள். வேலூர்ப் பக்கத்துக் கோடைப் புழுதி ஸ்லாட்டில் படிந்திருக்கும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பக்கக் கொக்கியைத் திறந்து, வெட்டைப் பொருத்தி, இரு முனையிலும் கட்டைவிரலால் ‘டக்’ என்று கொக்கி தானே மூடும்வரை அழுத்த வேண்டும். ஆன் செய்ததும் பீப் சத்தம் வந்தாலோ திரை கறுப்பாக இருந்தாலோ பெரும்பாலும் குச்சி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். மறுபடி வயரைப் பிடுங்கிக் கழற்றி, போர்டிலிருந்து தள்ளி வைத்து, பொன்னிறப் பற்களை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள்.

16 வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. 2017 மெஷின்களில் பெரும்பாலானவற்றின் பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. நாளை டிடிஆர்5 மெஷின் வாங்கினால் இந்தக் குச்சி அதில் சேராது. அந்தக் காசில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டால் மெஷின் ஆன் ஆகும் நேரமே பாதிக்கு மேல் குறையும்.

கடைக்குப் போகும்போது பழைய குச்சியைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.