உப்புக்காற்றும் பழைய காரும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்களிடம் 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா 121 இருக்கிறது. வீடு கடற்கரையோடு ஒட்டியது. பின்கதவின் அடியில் பெயிண்ட் கொப்பளிக்கிறது. தேய்த்து, புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துத் தருவதாகக் கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வெளியே கொப்பளித்தால், துரு பெரும்பாலும் உள்பக்கமிருந்து தகட்டைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. அதன்மேல் புட்டி வைத்தால் அடுத்த மாரிக்குள் அதே இடம் மறுபடி ஊதிக்கொண்டு வரும்.

கதவைத் திறந்து அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்படும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வடிவது அவற்றால்தான். மணலும் சருகும் அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே கிடக்கும். ஈர்க்கு ஒன்றால் குத்திவிடுங்கள். தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டினால் காரணம் பிடிபட்டுவிட்டது. அப்புறம் உள்பக்கத் தட்டியைக் கழற்றி, உக்கிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வெல்டிங் வைத்து, உள்ளேயும் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். செலவு கூடத்தான், ஆனால் கொடுக்கிற காசுக்கு வேலை நிற்கும்.

அத்தோடு டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்பெயார் ரயர் கிடக்கும் குழியையும் பாருங்கள். காரை லிப்டில் ஏற்றும்போது பிரேக் குழாய்களில் செதில் செதிலாகத் துரு உரிகிறதா என்று கேளுங்கள். கதவு உக்கினால் அழகுதான் கெடும். பிரேக் குழாயை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

காரை எந்தத் தண்ணீரால் கழுவுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கடலோரக் கிணறுகள் பலவற்றில், அதுவும் கோடையில், தண்ணீர் உவர்ப்பு. அந்தத் தண்ணீரால் காரைக் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுகிறோம். குழாய்த்தண்ணீர்தான் நல்லது, மேலே பளபளப்பாக்குவதைவிட அடிப்பக்கமும் சில்லுக்கு மேலுள்ள வளைவும்தான் முக்கியம். வாடைக்காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும் மாதங்களில் அடியைக் கழுவும் இடைவெளியைக் குறையுங்கள். மழை காரின் மேற்பக்கத்தைக் கழுவும், அடியில் ஒட்டிய உப்பை அப்படியே விட்டுவிடும். ரேடியேட்டருக்கும் கிணற்றுத்தண்ணீர் ஆகாது, கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள்.

நைலோன் உறை போட்டு மூடி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். நம்மூரில் அதைப் பெரிய அக்கறையாக நினைக்கிறார்கள். ஈரம் உள்ளே நின்றுவிடும்; காற்றுக்கு உறை ஆடும்போது இடையில் சிக்கிய மணல் பெயிண்டைத் தேய்க்கும். நாலு தூண் நட்டு மேலே கூரை போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டாலே போதும்.

கேள்வி: வாகன இறக்குமதி திறந்துவிட்டது. இருக்கும் பழைய காரை விலை விழுவதற்குள் விற்றுவிடலாமா? (வாசகர், திருகோணமலை நகரம்)

பதில்: 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. ஆனால் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதிதாக வருவது நம்மில் அநேகருக்கு எட்டாது. விற்ற காசுக்கு இப்போது இருப்பதைவிட நல்ல கார் கிடைக்குமா என்று மட்டும் பாருங்கள். என்ஜினும் கியரும் நன்றாக இருந்து, அடித்தகடும் உறுதியாக இருந்தால் நான் விற்கமாட்டேன். கொரொல்லா 121இல் உள்ள 1.5 லிட்டர் என்ஜினுக்கு, குறித்த தூரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டில் ஓடும். அடி உக்கிப்போன கார் என்றால் இன்றைக்கே விற்பது நல்லது. வாங்குபவரிடம் அதை மறைக்காதீர்கள்.

கேள்வி: டொயோட்டா அக்ஸியோ ஹைபிரிட் ஒன்று பார்த்திருக்கிறோம். பிள்ளைகளோடு அடிக்கடி நிலாவெளிக்குப் போகிறவர்கள் நாங்கள். பற்றரி பிரச்சினை தருமா? (வாசகி, ஓர்ஸ் ஹில்)

பதில்: பெரிய பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று, சீற்றின் பக்கத்திலுள்ள ஒரு துவாரத்தால்தான் உள்ளே போகிறது. கடலில் குளித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஈரத்துவாயை அதன்மேல் போடுவதும் மணலை உதறுவதும்தான் அந்தப் பற்றரிக்கு எதிரி. துவாரத்தை மூட விடாதீர்கள், சர்வீசின்போது உள்ளே உள்ள விசிறியைத் துப்புரவு செய்யச் சொல்லுங்கள். வாங்குமுன் கணினிக் கருவியால் ஸ்கேன் செய்து பற்றரியின் நிலையைப் பார்ப்பது கட்டாயம். ஸ்கேன் வேண்டாம் என்று விற்பவர் மழுப்பினால் வேறு கார் தேடுங்கள். ஏசியைப் போட்டு, மத்தியான வெயிலில் ஹபரணை வீதியில் கொஞ்சத் தூரம் ஓட்டியும் பாருங்கள். டவுனுக்குள் ஒரு சுற்று ஓடினால் ஒன்றும் தெரியாது.

கேள்வி: விற்பவர் ஓபன் பேப்பரில் (கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் பெயர் எழுதாத பத்திரத்தில்) தருகிறேன், பெயர் மாற்றத் தேவையில்லை என்கிறார். விலையும் குறைவு. (வாசகர், கிண்ணியா)

பதில்: வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் பெயர் இல்லாவிட்டால் காசு கொடுத்தவர் நீங்கள் என்றாலும் கார் உங்களுடையதல்ல. விபத்து நடந்தால் காப்புறுதியிலும் பொலிசிலும் அலைச்சல்தான். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கம்பனியின் கடிதம் கைக்கு வரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம். விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அண்ணாவின் கார், அவர் வெளிநாட்டில்" என்றால் தன் சார்பில் விற்க அந்த அண்ணா கொடுத்த அற்றோர்னிப் பத்திரத்தைக் கேளுங்கள்.