தலையாவதும் பணிவிடைக்காரனாவதும்

கேள்வி: எங்கள் மகன் பொறியியல் முடித்துவிட்டான். பெங்களூரில் நல்ல சம்பளத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. அதற்குப் போகாமல், ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்கிறான். அவனுடைய படிப்புக் கடனில் பாதி இன்னும் பாக்கி. புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த வாக்குத்தத்தமோ, ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்பது. கிறிஸ்தவன் உயர ஆசைப்படக் கூடாதா? இவன் செய்வது தாழ்மையா, சோம்பலா?
— ஒரு தாய், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சகோதரி, அந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் வரும் அந்த வாக்கு எந்தத் தனி மனிதருடைய உத்தியோகத்தையும் குறித்துச் சொல்லப்பட்டதன்று. மோவாபின் சமவெளியில் நின்ற இஸ்ரவேல் ஜனம் முழுவதற்கும், கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையோடு அது கொடுக்கப்பட்டது. அந்தக் கட்டளைகளுள் ஒன்று, அறுப்பின்போது வயலில் மறந்து வைத்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாமல், அதைப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் விட்டுவிட வேண்டும் என்பது (24:19). நிபந்தனையை வெட்டிவிட்டு வாக்கை மட்டும் அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் சபைகளில் வேரூன்றிவிட்டது. இது எனக்கு நெடுநாள் வருத்தம். ஓராண்டு சுவரில் தொங்கும் அந்த அட்டையைப் பார்த்தே வளரும் பிள்ளை, ஆண்டு முடிவில் தான் ‘தலை’யாகவில்லை என்று கண்டால், தன் விசுவாசத்தில்தான் குறை என்று நம்பத் தொடங்குகிறான்.

அதற்காக, உயர விரும்புவதே பாவம் என்று சொல்ல வேதம் இடம் தரவில்லை. சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் இந்த விருப்பத்துக்கு இரண்டு கிரேக்கச் சொற்களை வைத்திருக்கிறார். ஒன்று ‘எரிதெய்யா’. பதவியைப் பிடிப்பதற்காக ஆள் சேர்த்து அலையும் சூழ்ச்சியை அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லால் குறித்தார். பிலிப்பியர் 2:3இல் நம் தமிழ் வேதாகமம் இதை ‘வாது’ என்று சொல்லி, வீண்பெருமையோடு சேர்த்து விலக்குகிறது. மற்றொன்றின் நேர்ப்பொருள் ‘மதிப்பை நேசிப்பது’. கிரேக்க நகரங்களின் செல்வந்தர்கள் ஊருக்கு மண்டபம் கட்டிக்கொடுத்து, கல்வெட்டில் தங்கள் பெயர் நிற்க வேண்டும் என்று ஒருவரோடொருவர் போட்டியிட்ட வேகத்தைச் சொன்ன சொல் அது. பவுல் அந்தச் சொல்லைத் தள்ளிவிடாமல் மூன்று இடங்களில் தனக்கென எடுத்துக்கொள்கிறார்: கிறிஸ்துவின் பெயரை இதுவரை கேளாதவர்களிடம் போவதில் (ரோமர் 15:20), அவருக்குப் பிரியமாயிருப்பதில் (2 கொரிந்தியர் 5:9), அமைதியாய் வாழ்ந்து சொந்தக் கைகளால் உழைப்பதில் (1 தெசலோனிக்கேயர் 4:11). கல்வெட்டுக்காகச் செலவான அதே வேகம் இங்கே கைவேலைக்கும் அமைதியான வாழ்வுக்கும் திருப்பப்படுகிறது. ஆகவே, உங்கள் மகனுக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்பதைவிட, அது எந்தப் பக்கம் பாய்கிறது என்று கேளுங்கள்.

மலைக்குப் போகிறான் என்பதாலேயே அவன் முடிவு பரிசுத்தமாகிவிடாது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். நம் ஞாயிறு பள்ளிகளில் தாலந்து என்றால் பாட்டுப் போட்டியும் ஓவியப் போட்டியும் என்று ஆகிவிட்டது. இயேசு சொன்ன உவமையில் அது, ஓர் எஜமான் பயணம் போகுமுன் தன் ஊழியக்காரரிடம் ஒப்புவித்த பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப் பணத்துக்குச் சமம். கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று அதே மத்தேயு சுவிசேஷம் சொல்வதால், ஒரே ஒரு தாலந்து வாங்கியவன் கையிலும் ஏறத்தாழ 20 ஆண்டுக் கூலி இருந்தது. அவன் அதை நிலத்தில் புதைத்து வைத்தான்; எஜமான் அவனைச் சோம்பன் என்றே கடிந்துகொண்டார். ஆனால் அவன் தன் வாயால் சொன்ன காரணம், ‘நான் பயந்தேன்’ என்பது. உங்கள் கேள்வியில் விடுபட்ட சொல் அந்தப் பயம்தான். பெங்களூருக்குப் பயந்து உங்கள் மகன் மலையேறுகிறான் என்றால், ஏற்காடு அவன் தாலந்தைப் புதைக்கும் குழியாகிவிடும். சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் மலையாளி பழங்குடியினரின் பிள்ளைகளுக்கு, தன் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறும் ஒரு சிறுமிக்கு, பின்னக் கணக்கைப் புரியவைக்க வேண்டும் என்று போகிறான் என்றால், அதைச் சிறிய ஆசை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடனைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று எழுதியவரும் பவுல்தான் (1 தீமோத்தேயு 5:8). மாதத் தவணையை எப்படிக் கட்டுவான் என்பதை உங்கள் மகன் உங்கள் முன் கணக்கிட்டுக் காட்டட்டும். இரண்டாண்டு பெங்களூரில் வேலை செய்து, கடனை அடைத்துவிட்டு மலைக்குப் போவதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி உங்களைப் பற்றி. கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, கடன் இருக்கிறது, வாக்குத்தத்தம் இருக்கிறது. அவன் ஏன் போக விரும்புகிறான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சில்வர் ஓக் மரங்களின் நிழல் எதற்கு என்று சொல்வார்கள். நிழலை வெட்டிவிட்டால் அரபிகாச் செடி ஒரு பருவத்தில் கொப்பு தாங்காமல் காய்க்கும். பிறகு அந்தக் கொப்பே நுனியிலிருந்து காய்ந்து வரும். அப்படிக் காய்த்து, 25 வயதுக்குள் காய்ந்துபோன பிள்ளைகளை நான் இந்தச் சேலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பெற்றவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர், எல்லாரும் ஜெபித்தவர்கள்.

செபெதேயுவின் மனைவியும் ஜெபித்தவள்தான். அவள் பிள்ளைகளான யாக்கோபும் யோவானும் இயேசுவின் சீடர்கள். அவர்கள் தாங்களே வந்து அவருக்கு அருகில் இடம் கேட்டதாக மாற்கு எழுதுகிறார். மத்தேயுவோ, தாய் வந்து பணிந்து, தன் குமாரரில் ஒருவன் வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்கார வேண்டும் என்று கேட்டதாக எழுதுகிறார் (20:20-21). இயேசு அவளைத் துரத்தவில்லை. ஆனால் பதிலைப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: நான் குடிக்கும் பாத்திரத்தில் குடிக்க உங்களால் கூடுமா? அதன் பிறகுதான், பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன் என்றார். பெரியவனாக விரும்பாதே என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தத் தாயை மத்தேயு இன்னொரு முறையும் காட்டுகிறார். சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் அவளும் ஒருத்தி (27:56). அன்று அவருடைய வலதுபுறத்திலும் இடதுபுறத்திலும் இருந்தவர்கள் இரண்டு கள்வர்கள். தான் கேட்டது என்னவென்று அவளுக்கு அப்போது புரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பெங்களூருக்கு அவன் பதில் எழுதும் முன், ஒரு நாள் அவனோடு ஏற்காட்டுப் பேருந்தில் ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; பேச நேரம் கிடைக்கும். வசனம் எதையும் சொல்லாமல், ஏன் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பள்ளிக்கும் போய், அவன் கரும்பலகை முன் நிற்பதை ஒரு வகுப்பு நேரம் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.