பக்கத்து வீட்டுப் பிள்ளை

கேள்வி: எங்கள் அடுத்த வளவில் பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தி அம்மம்மாவுடன் இருக்கிறாள். தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள், எவருடனும் கதைப்பதில்லை. பின்னேரங்களில் நான் தைக்கும்போது மட்டும் வந்து வாசற்படியில் இருப்பாள். உளவளத்துணை படிக்காத நான், அன்பை மட்டும் வைத்துக்கொண்டு உதவ முடியுமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: முடியும், சகோதரி. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையிலும் குடும்பச் சிக்கல்களிலும் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். நிலையான அக்கறை காட்டிய பெரியவர் ஒருவராவது இருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். குடிவழி தாயின் பக்கமாக எண்ணப்பட்டு, மணமான பெண்கள் தாய்வீட்டருகிலேயே குடியிருக்கும் பெண்வழிக் குடிமுறை வேரூன்றிய மட்டக்களப்பில், பெரியம்மாவோ சின்னம்மாவோ பக்கத்து வளவில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெரியவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. (எல்லாக் குடும்பங்களிலும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை.)

அவள் தானாக வருகிறாள் என்பதே பெரிய விடயம். ஆகவே என்ன நடந்தது என்று துருவாதீர்கள்; "அம்மா உனக்காகத்தானே அங்கே கஷ்டப்படுகிறா" என்ற புத்திமதியை வேண்டிய மட்டும் கேட்டிருப்பாள். பொத்தான் தைக்கவோ ஓரம் மடித்து அடிக்கவோ ஒரு துணியைக் கையில் கொடுங்கள், கோணலாக வந்தால் பிரித்துத் தைக்கக் காட்டுங்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு, கைவேலையின் நடுவே வரும். கிழமையில் இரண்டு நாள் என்று சொன்னால் இரண்டு நாளும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தாயைப் பிரிந்திருக்கும் பிள்ளையிடம் ஆசையாகத் தொடங்கி இடையில் கைவிடுவதைவிடத் தொடங்காமலே இருந்துவிடலாம். அம்மம்மாவுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்.

"யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். எவராவது தன்னைத் துன்புறுத்துவதாகச் சொன்னால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அன்றைக்கே அழையுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்றால், தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் அறிந்து வைத்திருங்கள்.

பள்ளிக்கூடப் பேச்சை முதலில் அவளே எடுக்கட்டும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்காமல், அம்மம்மாவுடன் போய் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், அவளைத் திரும்பச் சேர்க்கும்படி கேட்பதற்கு நீங்கள் தயங்கத் தேவையில்லை.