விலங்கியல் படித்துவிட்டு மண்புழுவை ஆராய்ந்தால் என்ன எதிர்காலம்?

இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை. நீங்கள் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்திருப்பீர்கள், வீட்டில் யாரோ "நர்சிங் எடுத்திருக்கலாமே" என்றிருப்பார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் என் பெரியப்பா என்னிடம் சொன்னதும் அதுதான்.

சுல்தான் அகமது இஸ்மாயில் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்தவர். தென்னிந்திய மண்புழுக்களின் சூழலியலை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. (பிஎச்.டி.க்கும் மேலான ஆய்வுப் பட்டம்) வாங்கியவர். 2021இல் தமிழக அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். மண்புழுதான் அவரை அங்கே கொண்டுபோனது. ஆனால் எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது பதவியால் இல்லை. ஆய்வகத்தில் தெரிந்துகொண்டதை விவசாயிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் தமிழில் சொன்னார், அதனால்.

நான் பள்ளி ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளியில் மண்புழு உரத் தொட்டி கட்டினோம். கைக்காசு போட்டு ஆப்பிரிக்கப் புழு ஒரு கிலோ வாங்கி, பச்சைச் சாணத்திலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டியெல்லாம் நாற்றம். சாணத்தின் சூட்டில் அத்தனையும் செத்துக் கிடந்தன. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று இரவு சாப்பிடவே பிடிக்கவில்லை.

அப்புறம்தான் சுல்தான் இஸ்மாயில் சொல்லும் முறையைச் செய்தோம். புழு வாங்க வேண்டாம், நம் மண்ணிலேயே இருக்கிறது. அரை கிலோ வெல்லம், அரை கிலோ சாணம், தண்ணீர். கரைத்து, வேப்ப மரத்தடியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் தெளித்தோம். மேலே சாணி உருண்டை, வைக்கோல், நனைத்த கோணிச் சாக்கு. தினமும் தண்ணீர். இருபத்து மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கினால், தலைப்பக்கம் ஊதா படிந்த புழுக்கள் நெளிகின்றன! பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் வரும் நாட்டு மண்புழு, லாம்பிட்டோ மாரிட்டியேதான். ஒரு மாணவி லென்ஸ் வைத்து உடல் வளையங்களை எண்ணி, "சார், பதினாலுல இருந்து பதினேழு வரைக்கும் பட்டை இருக்கு, புக்ல போட்ட மாதிரியே" என்று கத்தினாள். அந்தக் குரலுக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

"எல்லோரும் சுல்தான் இஸ்மாயில் ஆக முடியுமா?" என்று கீழே கமெண்டில் கேட்க வருவீர்கள். முடியாது, நானும் ஆகவில்லை. முதுகலை, பி.எட்., தேர்வு என்று ஏழு வருடம் போனது, சம்பளமும் பெரிதில்லை. நான் ரசாயன உரத்துக்கு எதிரியும் இல்லை. என் தம்பி வயலுக்கு யூரியா போடுகிறான், ஒரு வார்த்தை சொன்னதில்லை. விலங்கியல் உதவாத படிப்பு என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சரி. அந்தப் பள்ளியில் இப்போது வாசலிலிருந்து கழிப்பறை வரை பேவர் பிளாக். சேறு ஆகிறதாம். வேப்ப மரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடவில்லை. மரம் எப்படித் தண்ணீர் குடிக்கும்? நானும் இரண்டு ஆசிரியர்களும் எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. போன ஐப்பசி மழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனேன். பிளாக் இடுக்கு வழியாக வெளியே வந்த புழுக்கள் திரும்பிப் போக வழி தெரியாமல் வெயிலில் சுருண்டு கிடந்தன. கைக்கு அகப்பட்டதை எல்லாம் டிபன் பாக்ஸில் பொறுக்கிக்கொண்டு வந்து என் வீட்டு முருங்கையடியில் விட்டேன்.