ஸ்டீல் கிட்டார் சோறு போடுமா?

அன்புள்ள சார்,

உங்கள் மகனின் கல்லூரிப் படிப்பு பற்றி நீங்கள் டெக்ஸாஸிலிருந்து எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "எட்டு வருஷம் பாட்டு கிளாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இப்போது கவ்பாய் பாட்டுக்குப் பின்னால் அழுகிற ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸே வேண்டாம் என்கிறான்" என்று எழுதியிருந்தீர்கள். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. சனிக்கிழமை தம்பியோடு முக்கால் மணி நேரம் வீடியோவில் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எட்டு வருஷம் வீண்போகவில்லை, வீண் என்ற எண்ணத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். தம்பி வைத்திருப்பது பெடல் ஸ்டீல் கிட்டார், காலால் பெடலை மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றுகிற வகை. "பெடல் என்னதான் செய்கிறது, காட்டு" என்றேன். கேமராவைக் காலுக்குத் திருப்பினான். இடது கையில் உருண்டையான இரும்புக் கோல், வலது கை விரல்களில் கம்பியை மீட்டும் பிக், வலது கால் வால்யூம் பெடலில், இடது கால் மற்ற பெடல்களில், இரண்டு முழங்கால்களும் லீவர்களுக்கு நடுவில். தையல் மிஷினும் வீணையும் சேர்ந்த மாதிரி ஒரு வாத்தியம். "அங்கிள், ஸ-க-ப வாசிக்கிறேன். முதல் பெடல் பஞ்சமத்தைத் தைவதத்துக்கு ஏற்றும். ரெண்டாவது பெடல் காந்தாரத்தை மத்யமத்துக்கு ஏற்றும். ரெண்டையும் சேர்த்து மிதிச்சா ஸ-ம-த. ஷட்ஜம் நகரவே நகராது" என்றான். பாட்டு டீச்சர் கேட்டிருந்தால் உச்சி முகர்ந்திருப்பார். ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்க, பக்கத்து ஸ்வரம் வழுக்கி ஏறுகிறதே, அதுதான் உங்களுக்கு அழுகையாகக் கேட்கிறது.

யாரைக் கேட்டு இந்த ஆசை வந்தது என்றேன். ஸ்னீக்கி பீட் க்ளைனோ என்றான். ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 1969 ஆல்பத்தில் வாசித்தவர். நீங்கள் சொன்ன கவ்பாய் பாட்டும் ராக்கும் கலந்த கன்ட்ரி ராக்கில் ஸ்டீல் கிட்டார் என்றால் முதலில் வரும் இரண்டு மூன்று பெயர்களில் ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் தம்பிக்குத் தெரிந்தது அந்த மனிதரில் பாதிதான்.

க்ளைனோ 1934இல் இந்தியானா மாநிலத்து சவுத் பெண்டில் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து அவர் பிழைத்தது ஸ்டாப்-மோஷன் அனிமேஷனில், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் வேலையில். 'கம்பி' (Gumby) என்ற களிமண் பொம்மைத் தொடர் இருந்ததே, அதிலெல்லாம் வேலை பார்த்தவர். பொம்மையின் கையை மயிரிழை நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி நகர்த்து. ஒரு நொடி சினிமாவுக்கு 24 ஃபிரேம். பகலில் இந்த வேலை, இரவில் கிளப்களில் ஸ்டீல். புரிட்டோ பிரதர்ஸ் குழு 1968இல் தொடங்கியபோது அவருக்கு வயது 34. அந்த ஆல்பத்தின் அட்டையைத் தம்பியிடம் வாங்கிப் பாருங்கள். நால்வரும் நூடி என்ற தையல்காரரின் கடையில் தைத்த ஜிகினா உடையில் நிற்பார்கள். இவர் உடையின் மார்பில் மட்டும் சிறகு விரித்த ஒரு டைனோசர் காலத்துப் பறவைப் பல்லி! அனிமேஷன்காரர் வேறென்ன கேட்டிருப்பார்?

குழுவை விட்டபின் ஜோனி மிட்செல், ஜான் லெனன், ஸ்டீவி வொண்டர் ஆல்பங்களில் வாசித்தார். பிறகு மறுபடி சினிமா எஃபெக்ட்ஸுக்குப் போனார். 1983இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக எம்மி விருது வாங்கிய குழுவில் அவர் இருந்தார். முதல் இரண்டு டெர்மினேட்டர் படங்களிலும் அவர் கை இருக்கிறது. 2007இல் இறந்தார்.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். "பார்த்தாயா, அவரே வேலைக்குப் போனார்" என்று தம்பியிடம் ஓடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவன் அன்றைக்கே என் நம்பரை பிளாக் செய்துவிடுவான். நான் பார்ப்பது வேறு. க்ளைனோ வாசித்தது ஃபெண்டர் கம்பெனியின் எட்டுக் கம்பி ஸ்டீல், தனக்கென்று வைத்துக்கொண்ட சுருதி, அதன்மேல் ஃபஸ் பெடல் போட்டு கரகரவென்ற சத்தம். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் ஸ்டூடியோக்காரர்கள் விரும்பிக் கேட்டது அந்தச் சத்தத்தை அல்ல. யாரும் கேட்காததை வாசிக்கிற தைரியம், வாடகைக்கு வேறொரு கைத்தொழில் இருந்ததாலும் வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். தம்பி இதை அவனாகவே கண்டுபிடிக்கட்டும். "க்ளைனோ பகலில் என்ன செய்தார்?" என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். பத்துக் கம்பி, ஈ-9 ட்யூனிங் (கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு முறை), மூன்று பெடல், நான்கைந்து லீவர்: இன்றைக்குக் கூலிக்கு வாசிக்கிறவர்களின் பொது மொழி இது. தம்பியிடம் இருப்பதும் இதுதான், நல்லவேளை. க்ளைனோவின் சுருதியை இப்போதைக்குத் தொட வேண்டாம். நாஷ்வில்லில் பாட்டின் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, 1, 4, 5 என்று நம்பர் போட்டு எழுதிக் கொடுப்பார்கள், பாடகர் எந்தச் சுருதியில் பாடினாலும் அதே நம்பர். ஸ்வரம் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு வாரப் பாடம். வரும்படி என்று பார்த்தால் நேரடிக் கச்சேரி, ஸ்டூடியோ, வீட்டிலிருந்தே ரெக்கார்ட் செய்து அனுப்புவது, சொல்லிக்கொடுப்பது, ரிப்பேர். கடைசியைக் குறைவாக நினைக்காதீர்கள். சவுத் பெண்டுக்குப் பக்கத்து ஊரான மிஷவாக்காவில் பிறந்த ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ், 11 வயதில் அப்பா அம்மா வாங்கிக் கொடுத்த ஸ்டீலில் தொடங்கியவர். பிறகு வாசித்ததோடு நிற்காமல் ஷாட் ஜாக்சன் என்ற இன்னொரு ஸ்டீல் கலைஞரோடு சேர்ந்து ஷோ-பட் கம்பெனியையும், பின்னால் தன் பெயரிலேயே ஒன்றையும் தொடங்கி வாத்தியம் செய்தார். அடியில் இருக்கும் ராடும் நெம்புகோலும் முழுக்க மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இதில் எதுவும் முதல் ஐந்து வருஷத்துக்கு ஒழுங்காகச் சம்பளம் தராது. அதையும் தம்பியிடம் மறைக்கவில்லை.

கல்லூரி விஷயம். பெரும்பாலான இசைக் கல்லூரிகளில் பெடல் ஸ்டீலை முதன்மை வாத்தியமாக எடுக்க முடியாது, விண்ணப்பிக்கும் முன் ஒவ்வோரிடத்திலும் கேட்டாக வேண்டும். நீங்கள் டெக்ஸாஸில் இருப்பதால் லெவல்லாண்டில் உள்ள சவுத் பிளெய்ன்ஸ் காலேஜை நேரில் போய்ப் பாருங்கள். கன்ட்ரி, புளூகிராஸ் என்ற அமெரிக்க மரபிசை வகைகளைப் பாடமாக எழுபதுகளிலேயே கொண்டுவந்த இடம், மாநில மாணவருக்குக் கட்டணமும் கையைக் கடிக்காது. டென்னசியில் ஈஸ்ட் டென்னசி ஸ்டேட்டிலும், பாஸ்டனில் பெர்க்லியிலும் இந்த மாதிரி மரபிசைக்கென்று (ரூட்ஸ் மியூசிக்) தனிப் பிரிவு உண்டு. பெர்க்லியின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்யாதீர்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும்விட அவசரம் அதற்குத்தான். தம்பி எந்த விசாவில் இருக்கிறான்? கிரீன் கார்டு கையில் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். ஹெச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) என்றால், பாரில் வாசித்து ஐம்பது டாலர் வாங்குவதும் வேலைதான், வாங்கக் கூடாது. 21 வயதில் ஹெச்-4 முடியும். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினாலும் தனி அனுமதி இல்லாமல் வெளியே கூலிக்கு வாசிக்க முடியாது. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம், படித்த துறையிலேயே வேலை பார்க்க வேண்டும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) பட்டமானால் இன்னும் 24 மாதம் நீட்டலாம், சாதாரண இசைப் பட்டத்துக்கு அது கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் வீட்டில் இசை மைனராகவும் (துணைப் பாடம்) இன்ஜினியரிங் மேஜராகவும் (முதன்மைப் பாடம்) போக வேண்டி வரலாம். வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உறுதி செய்யுங்கள். அப்போது "அப்பா தடுத்தார்" என்ற பேச்சு வராது, சட்டம் தடுத்தது என்றால் அவனுக்கே புரியும்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கட்டுரைக்கு அதிகபட்சம் 650 வார்த்தை. அந்தப் பெடலையும் பஞ்சமத்தையும் பற்றி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம்.

அடுத்த வாரத்துக்குள் எனக்கு மூன்று அனுப்புங்கள்: மார்க் ஷீட், விசா தாள்களின் நகல், தம்பி வாசித்த ஒரு பாட்டு. பாட்டை போனில், ஒரே டேக்கில், தப்போடு எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்