முதல் கில்ட்டுக்கு சீப்பா டார்ட்டன் துணி

காட்டன் ஃப்ளானல் கம்மி விலைக்கு கிடைக்குது, அதுலயே முதல் கில்ட் (ஸ்காட்லாந்துக்காரங்க கட்டுற, மடிப்பு வச்ச பாவாடை மாதிரி உடை) தைக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேணாங்க. ஃப்ளானல்ல மடிப்பு நிக்காது, எத்தனை தடவ அயர்ன் பண்ணாலும் உக்காந்து எழுந்தா பின்னாடி தொங்கிப் போயிடும், அவ்ளோ தையல் வேலையும் வீணாயிடும்.

பாலி விஸ்கோஸ் (பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி) டார்ட்டன் பாருங்க, டார்ட்டன்னா கில்ட்டுக்கு போடுற கலர் கட்டம் போட்ட துணி. கம்பளியை விட நல்லாவே விலை கம்மி, வீட்லயே துவைக்கலாம், மடிப்பும் நிக்கும். கம்பளிதான்னா கஜத்துக்கு 13 அவுன்ஸ் எடை போதும், 16 அவுன்ஸ் விழுற அழகே வேற, ஆனா முதல் தடவைக்கு செலவு ஜாஸ்தி. வாங்குறப்ப துணியைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் வெளிறி இருந்தா அது பிரிண்ட், நெய்தது இல்ல, விட்டுடுங்க.

கில்ட்டுக்கு 8 கஜம் வேணும்னு சொல்றத கேட்டு பயப்படாதீங்க, அது ஒத்தை அகலத் துணிக்கான கணக்கு. 54 இன்ச்சுக்கு மேல அகலம்னா 4 கஜம் வாங்கி நீளவாக்குல ரெண்டா வெட்டி, ஒட்டு ஒரு மடிப்புக்குள்ள மறையுற மாதிரி வச்சு தைச்சுக்கலாம், துணியோட கரை கீழ வரணும், ஏன்னா கில்ட்டுக்கு கீழ மடிச்சுத் தைக்க மாட்டாங்க. இன்னும் மிச்சம் பண்ணணும்னா பாக்ஸ் ப்ளீட் (ரெண்டு பக்கமும் மடிச்சு பெட்டி மாதிரி வர்ற மடிப்பு), அதுக்கு இதுல பாதி துணி போதும், மடிப்பும் கம்மி, புதுசா தைக்கிறவங்களுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

டிசைன்ல கட்டம் திரும்ப வர்ற அளவ அளந்துட்டு வாங்க, ரொம்பப் பெருசுன்னா மடிப்புக்கு நிறைய துணி முழுங்கும்.